மலையேறும் ஓவியர்களுக்கு ஒரு கைநாட்டுக்காரியின் பேரன் சொல்வது

ஓவியர் ஒருவர் எனக்கு நண்பர். பத்து வருசப் பழக்கம். சாதி இந்துக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனாலும் நம் மேடைகளுக்குத் துணிப்பதாகை எழுதியிருக்கிறார், நம் பத்திரிகைகளுக்கு அட்டைப்படம் வரைந்து தந்திருக்கிறார், ஒரு தடவை போலீஸ் வேனிலும் நம்மோடு ஏறியிருக்கிறார். எதற்கும் காசு வாங்கியதில்லை. போன மாதம் அவர் போன் பண்ணினார். "தோழர், ஜவ்வாது மலையில பத்து நாள் முகாம் போடுறோம். ஊர்ச் சுவரெல்லாம் வரையப் போறோம். பிள்ளைங்களுக்கு ஓவியம் சொல்லிக் குடுக்கப் போறோம். எல்லாம் தன்னார்வம்தான். நீங்க வந்து சுவருக்கு நாலு வரி கவிதை எழுதணும்" என்றார். யோசிச்சுச் சொல்றேன் என்று வைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. சொல்ல வேண்டிய பதில் போனில் சொல்கிற அளவுக்குச் சின்னதாக இல்லை, அவ்வளவுதான். அவர் ஒருவருக்கு மட்டும் சொல்லி முடிகிற விசயமும் இல்லை இது. நம் மாணவத் தோழர்களே லீவு விட்டால் வண்ண டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு மலைக் கிராமங்களுக்குப் போகிறார்கள். பறை கற்றுக்கொடுக்கிறோம், நாடகம் போடுகிறோம், சுவரெழுதுகிறோம் என்கிறார்கள். நல்ல மனசோடுதான் போகிறார்கள். நல்ல மனசோடு போகிறவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. கெட்ட மனசோடு போகிற காண்ட்ராக்டரிடம் பேசி என்ன ஆகப் போகிறது?

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு இருக்கும். எங்கள் காலனிக்குப் பின்னால் கல்குவாரி. என் பாட்டி அங்கே ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நகரத்திலிருந்து ஓவியம் படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்தார்கள். எங்களுக்கெல்லாம் வண்ணக்குச்சி டப்பா கொடுத்தார்கள். காலனிச் சுவரில் மயில் வரைந்தார்கள். பாட்டியை உட்காரச் சொல்லி இரண்டு மூன்று பேர் வரைந்தார்கள். பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பாதிக் கூலி போச்சு. வந்தவர்களுக்கு அது தெரியாது. அவளும் சொல்லவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருசம் கழித்து, டிகிரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், வெயிலுக்கு ஒதுங்க ஓர் ஓவியக் கண்காட்சிக்குள் நுழைந்தேன். சுவரில் என் பாட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் சுத்தியல். கீழே 'உழைப்பு' என்று தலைப்பு, ஓவியரின் பெயர், விலை. அந்த விலை என் மூன்று வருசக் காலேஜ் பீஸைவிடக் கூடுதல். மேசைக்குப் பின்னால் இருந்தவரிடம், இது யாரு தெரியுமா என்று கேட்டேன். "யாரோ மாடல் சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள். "நல்லா வந்திருந்துச்சாடா?"

நல்லா வந்திருந்துச்சு என்பதுதான் உண்மை. அது ரொம்ப நல்ல ஓவியம். அதுதான் எனக்கு இன்றைக்கும் சிக்கல். அந்த வண்ணக்குச்சி டப்பாவையும் நான் மறக்கவில்லை. எனக்கென்று சொந்தமாகக் கிடைத்த முதல் டப்பா அது. நான் கவிதை எழுத வந்ததற்கு அதிலிருந்த நீலத்துக்கும் பங்கு உண்டு. ஆகவே, வெளியாள் யாரும் உள்ளே வராதே என்று கதவைச் சாத்துகிறவன் இல்லை நான். ஆனால் பிழைப்புக்குப் பேங்கில் கிளார்க் வேலை பார்க்கிறேன். பற்று என்று எழுதினால் வரவும் எழுதியாக வேண்டும். 'தன்னார்வம்' என்ற சொல், கொடுத்ததை மட்டும் எழுதி எடுத்ததை எழுதாமல் விடுகிற கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இங்கே சரிபார்க்கிறேன்.

இந்தியாவில் மலைச்சனங்களின் ஓவியம் நகரத்துக் கூடங்களுக்கு இறங்கி வந்த கதையைப் பேசினால், இரண்டு இடங்களைக் கட்டாயம் பேச வேண்டும். முதலாவது மகாராஷ்டிரத்தின் தஹானு வட்டாரம். மும்பைக்கு வடக்கே, சஹ்யாத்ரி மலையடியில் வார்லிப் பழங்குடிகள் வாழும் பகுதி. அன்றைக்குத் தானே மாவட்டம், 2014இலிருந்து பால்கர் மாவட்டம். 1970களின் தொடக்கத்தில் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியர் அங்கே போனார். அரசின் கைவினைத் துறையில் செல்வாக்கோடு இருந்த புபுல் ஜெயகரின் தூண்டுதலில் போனவர், கடமைக்குப் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. அந்தச் சனங்களோடு பழகினார், காகிதமும் வண்ணமும் கொடுத்தார்.

வார்லிச் சுவரோவியத்தை இன்றைக்கு யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செம்மண் பூசிய சுவரில் அரிசிமாவுக் கரைசல், மூங்கில் குச்சியின் நுனியைச் சப்பித் தூரிகையாக்கிக்கொள்வது, முக்கோண உடம்போடு கைகோத்து ஆடும் ஆண்கள், பெண்கள். காபிக் கோப்பையில், சேலையில், ரயில்வே ஸ்டேஷன் சுவரில் என்று எங்கும் இருக்கிறது. ஆனால் அது ஆதியில் கல்யாணச் சடங்கின் ஓவியம். கல்யாண வீட்டுச் சுவரில் 'சௌக்' என்ற சதுரம் வரைந்து, நடுவே பால்கட் தெய்வத்தை இருத்துவார்கள். வரைகிறவர்கள் கல்யாணமான பெண்கள். அது இல்லாமல் கல்யாணமே நடக்காது.

குல்கர்னி கொண்டுபோன காகிதத்தை எடுத்துக்கொண்டவர்களில் பேர் பெற்றவர் ஜீவ்யா சோமா மாஷே. பெரிய கலைஞர், சந்தேகமில்லை. 2011இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2018இல் காலமானார். நான் கேட்பது அவரைப் பற்றி அல்ல. சுவரில் இருந்தவரை பெண்கள் கையில் இருந்த ஒன்று, காகிதத்துக்கு வந்து விலை ஒட்டியதும் பெரும்பாலும் ஆண்கள் பெயருக்கு மாறியது எப்படி? யாரும் சதி செய்யவில்லை. வெளியாள் வந்தால் முன்னால் வந்து பேசுவது ஆண். டவுனுக்குப் போய் வருவது ஆண். கையெழுத்துப் போடுவது ஆண். காகிதம் எந்தக் கைக்குப் போகும் என்று யோசிக்காமல் காகிதம் கொடுத்தால், அது ஏற்கெனவே மேலே இருக்கிற கைக்குத்தான் போகும். இது மலைக்கு மட்டும் உள்ள விதி இல்லை. நம் காலனியில் குழுக்கடன் வாங்கிய பெண்களைக் கேட்டால் தெரியும், பாஸ்புக் யார் பெட்டியில் இருக்கிறது என்று.

இன்னொன்று இதைவிடக் கனமானது. வார்லி ஓவியம் பற்றிய கண்காட்சிக் கையேடுகளில் வழக்கமாக வருகிற சொற்கள் எனக்கு மனப்பாடம்: 'காலம் தொடாத', 'கள்ளமில்லாத', 'இயற்கையோடு இயைந்த'. எந்தச் சனத்தைப் பற்றி இது? அதே தஹானு, தலாசரி, உம்பர்காவ் வட்டாரங்களில் ஜமீன்தார்களிடம் வார்லிகள் அடிமைப்பட்டுக் கிடந்தார்கள். கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவன், அந்தக் கடனுக்காகத் தானும் மனைவியும் ஆயுசு பூராவும் பண்ணையாரிடம் வேலை செய்ய வேண்டும். 'லக்னகடி' என்று பேர். கல்யாண அடிமை. வட்டி தீராது, அவனும் தீரமாட்டான். இதை எதிர்த்து 1945இல் அவர்கள் எழுந்து நின்றார்கள். விவசாயிகள் சங்கத்தின் செங்கொடியோடு அங்கே போய் அவர்கள் குடிசையில் தங்கி வேலை செய்தவர் கோதாவரி பருலேகர். அந்த அனுபவத்தை அவர் எழுதிய நூலுக்கு 1972இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. போலீஸ் சுட்டது, சனங்கள் செத்தார்கள், லக்னகடி ஒழிந்தது.

அதாவது, குல்கர்னி பார்த்த அந்தக் கல்யாணச் சுவருக்கு முன்னால் ஒரு தலைமுறைக்கு முன்பு நடந்த கல்யாணம் ஒவ்வொன்றும் அடிமைத்தனத்துக்கான வாசல். அந்த வாசலை உடைத்த சனத்தைப் போய் 'காலம் தொடாத' சனம் என்று எழுதுகிறார்கள். ஓவியக்காரர் சுவரைப் பார்த்தார். பருலேகர் அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த கடன் சீட்டைப் பார்த்தார். இரண்டு பேருமே வெளியாட்கள். பருலேகரும் பிறப்பால் பிராமணப் பெண்தான். ஆகவே யார் எந்தச் சாதியில் பிறந்து மலையேறினார் என்பதோடு கேள்வி முடியவில்லை. ஏறிப் போய் எதைப் பார்த்தார் என்பதும் கேள்வி.

இரண்டாவது இடம் பாட்டன்கர். மத்தியப் பிரதேசத்தில் மைக்கல் மலைத்தொடர்ப் பகுதியில் உள்ள கிராமம். அன்றைக்கு மண்ட்லா மாவட்டம், இன்று திண்டோரி. இந்தக் கதையில் நமக்கு ஒரு தொடர்பும் உண்டு. ஜகதீஷ் சுவாமிநாதன் 1928இல் சிம்லாவில் ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர், பிறகு நவீன ஓவியர். போபாலில் 1982இல் பாரத் பவன் திறக்கப்பட்டபோது, அதன் 'ரூபாங்கர்' கலைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். திறப்பதற்கு முன்பு, ஓவியம் படித்த இளைஞர்களைக் குழுக்களாகப் பிரித்து மத்தியப் பிரதேசத்தின் மலைக்கும் காட்டுக்கும் அனுப்பினார். போய்ச் சனங்களோடு தங்குங்கள், பாருங்கள், கொண்டுவாருங்கள் என்றார். அப்படிப் போன ஒரு குழு 1981இல் பாட்டன்கரில் ஒரு வீட்டுச் சுவரில் ஓர் ஓவியத்தைப் பார்த்தது. வரைந்தவன் இருபது வயசுகூட நிறையாத பையன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பெயர் ஜன்கட் சிங் ஷ்யாம்.

ஜன்கட் பர்தான் சமூகம். பர்தான்கள் கோண்டுகளின் பாணர்கள். 'பானா' என்ற நரம்புக் கருவியை இசைத்து, கோண்டுகளின் பெரிய தெய்வமான படா தேவைப் பாடி எழுப்புகிறவர்கள். கோண்டு வீடுகளில் கொடுப்பதை வாங்கிப் பிழைத்தவர்கள். தெய்வத்தைக் கூப்பிட அவர்கள் வேண்டும், சமூக வரிசையில் மட்டும் கோண்டுகளுக்குக் கீழே. நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பழங்குடி என்றால் மேல்கீழ் இல்லாத சமூகம் என்று கனவு காண்கிற நம் தோழர்கள் மட்டும் இதை இன்னொரு தடவை படிக்கவும்.

சுவாமிநாதன் செய்ததில் பெரிய நியாயம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அதுவரை பழங்குடி ஓவியம் என்றால் மானுடவியல் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டி. 'கோண்டு, மண்ட்லா மாவட்டம்' என்று சீட்டு ஒட்டியிருக்கும், வரைந்தவர் பெயர் இருக்காது. பாரத் பவனில் டெல்லி, பம்பாய் ஓவியர்களின் படங்களும் மலைச்சனங்களின் படங்களும் ஒரே கூரைக்குக் கீழே, சம மரியாதையோடு வைக்கப்பட்டன. ஜன்கட்டுக்குப் பெயர் இருந்தது. போபாலுக்குக் குடிவந்தார். சார்லஸ் கொரியா கட்டிய மத்தியப் பிரதேசச் சட்டமன்றக் கட்டடத்தில் வரைந்தார். 1989இல் பாரிஸில் நடந்த 'பூமியின் மந்திரவாதிகள்' கண்காட்சியில் ஜீவ்யாவின் படங்களும் ஜன்கட்டின் படங்களும் இருந்தன. இன்றைக்கு அவர் பாணிக்கே 'ஜன்கட் கலம்' என்று பேர்.

அதே சுவாமிநாதன் அதே 1980களில் செய்த இன்னொரு வேலைதான் என்னைத் தூங்கவிடவில்லை. அன்றைய ராய்கட் மாவட்டத்து மலைகளில், இன்று அது சத்தீஸ்கரின் ஜஷ்பூர் பகுதி, பஹாடி கோர்வா என்ற பழங்குடிகள் இருக்கிறார்கள். பஹாடி என்றால் மலை. எழுத்தறியாத அந்தச் சனங்களிடம் காகிதத்தையும் எழுதுகோலையும் கொடுத்தபோது, அவர்கள் மரமோ விலங்கோ வரையவில்லை. வரிவரியாக, எழுத்தைப் போன்ற கோடுகளை இழுத்தார்கள். எந்த மொழியிலும் இல்லாத எழுத்து. சுவாமிநாதன் அதில் மயங்கிப் போனார். 'மந்திர எழுத்து' என்று பேர் வைத்தார். அந்தப் படங்கள் நூலாகவும் வந்தன.

நான் அந்தக் கோடுகளின் அச்சுப் பிரதியைப் பார்த்திருக்கிறேன். அழகு. ஆனால் பேங்கில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு அதில் மந்திரம் தெரியவில்லை. காகிதம் தெரிகிறது. மலைச்சனங்களுக்குக் காகிதம் என்றால் என்ன? ரேஞ்சர் கையில் வைத்திருப்பது. பட்டா எழுதுகிறவன் வைத்திருப்பது. வட்டிக்குக் கொடுக்கிறவன் வைத்திருப்பது. அதில் இப்படி வரிவரியாக ஏதோ இருக்கும், அதைக் காட்டினால் நிலம் போய்விடும், மாடு போய்விடும், ஆள் ஜெயிலுக்குப் போய்விடுவான். காலங்காலமாகத் தன்னை அடித்துக்கொண்டிருக்கிற அந்த ஆயுதம் முதல் தடவையாகத் தன் கைக்கு வந்தபோது, அவர்கள் அதே கோட்டை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். 'எங்களுக்கும் இது வேணும்' என்று சொன்னதாகத்தான் நான் வாசிக்கிறேன். என் வாசிப்பு தப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். எழுத்தைக் கேட்டு நீட்டிய கையில் எழுத்தைக் கொடுக்காமல், அந்தக் கை இழுத்த கோட்டைச் சட்டம் போட்டு மாட்டினால் அதற்கு என்ன பேர்?

என் பாட்டிக்கும் கையெழுத்து வராது. கைநாட்டுத்தான். கடைசிக் காலத்தில் முதியோர் பணம் வாங்கப் போனால் மெசினில் விரல் பதியவில்லை. ஜல்லி உடைத்து உடைத்து ரேகை தேய்ந்துவிட்டது. என் கிளைக்கு மலையிலிருந்து இறங்கி வருகிற கிழவிகளுக்கும் இதே கதைதான். துடைச்சிட்டு வைங்கம்மா, இன்னொரு விரல் வைங்கம்மா என்று நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓவியத்தில் அவள் கை அவ்வளவு நுணுக்கமாக வந்திருந்தது. ஒவ்வொரு சுருக்கமும் இருந்தது. மெசினுக்கு மட்டும் அந்தக் கை யாருடையது என்று தெரியவில்லை.

ஜன்கட்டின் முடிவை இங்கேதான் சொல்ல வேண்டும். 2001 ஜூலையில் ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில், மிதிலா ஓவியங்களுக்கான ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது அவர் தற்கொலை செய்துகொண்டார். நாற்பது வயசுகூட ஆகவில்லை. ஊர் திரும்ப ஏங்கினார் என்று செய்திகள் வந்தன. என்ன ஒப்பந்தத்தில் போனார், எவ்வளவு கூலி, எப்போது திரும்பலாம் என்பதை முடிவு செய்தது யார் என்று இந்தியக் கலைஞர்கள் பலர் அன்றைக்குக் கேள்வி எழுப்பினார்கள். ஒரு மனிதனின் மரணத்துக்கு ஒரே ஒரு காரணத்தைத் தூரத்திலிருந்து எழுதுகிற அயோக்கியத்தனத்தை நான் செய்யமாட்டேன். ஆனால் அந்தக் கேள்விகள் எல்லாமே காகிதம் பற்றியவை. விசா, ஒப்பந்தம், சம்பளம், டிக்கெட். இருபது வருசமாக அவர் கோட்டைப் புகழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை அவரோடு உட்கார்ந்து வாசித்தவர்கள் எத்தனை பேர்?

இத்தோடு நிறுத்தினால் இது புலம்பலாகப் போய்விடும். பாட்டன்கரின் கதை ஜன்கட்டோடு முடியவில்லை. அவர் வீட்டுக்கு வந்து தங்கித் தொழில் பழகிய உறவுக்காரர்கள் பலர் இன்றைக்குப் பேர்பெற்ற ஓவியர்கள். அவர்களில் பஜ்ஜு ஷ்யாம் லண்டனுக்குப் போனார். ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவரில் வரையக் கூப்பிட்டிருந்தார்கள். திரும்பி வந்து, லண்டனைத் தான் பார்த்த விதத்தில் வரைந்து ஒரு நூல் செய்தார். சென்னையிலிருந்து தாரா பதிப்பகம் 2004இல் வெளியிட்டது. மலையைப் பார்க்க நகரம் போன காலம் போய், நகரத்தைப் பார்த்து மலை எழுதியது. மிருகக்காட்சி சாலையில் இருப்பது யார் என்று முதல் தடவையாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது.

அதைவிட நமக்கு நெருக்கமானது 'பீமாயணா'. 2011இல் நவயானா வெளியிட்ட நூல். அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் மறுக்கப்பட்டது, மகத் குளம், பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் அலைந்தது, எல்லாம் இருக்கிறது. வரைந்தவர்கள் துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் என்ற பர்தான் கோண்டுத் தம்பதி. படக்கதை என்றால் கட்டம் கட்டமாக வரைவதுதானே வழக்கம்? அவர்கள் மாட்டேன் என்றுவிட்டார்கள். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்து வரைய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டத்துக்குப் பதிலாக, தங்கள் பெண்கள் தரையிலும் சுவரிலும் போடும் 'திக்னா' கோலத்தால் பக்கத்தைப் பிரித்தார்கள். அன்பான பேச்சு என்றால் பேச்சுக்குமிழ் பறவை வடிவில் வருகிறது. சாதித்திமிர்ப் பேச்சு என்றால் அதே குமிழுக்குத் தேளின் கொடுக்கு முளைக்கிறது.

தோழர்களே, அந்தத் தேள் கொடுக்கை எத்தனை வருசமாக நாம் கவிதையில் தேடிக்கொண்டிருக்கிறோம்! பர்தான் சமூகத்திலிருந்து வந்த இரண்டு பேர் ஒரே கோட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எப்படிச் சாத்தியமாயிற்று? யாரும் அவர்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்கப் போகவில்லை. இந்தக் கதையை வரைந்து தருவீர்களா என்று கேட்டார்கள். அவர்கள் நிபந்தனை சொன்னார்கள், அது ஏற்கப்பட்டது. நூலின் அட்டையில் பெயர் இருக்கிறது. துர்காபாய்க்கு 2022இல் பத்மஸ்ரீயும் வந்தது. அதைவிட, பெண்களின் திக்னா ஒரு பெண்ணின் பெயரிலேயே நூலுக்குள் வந்தது என்பது எனக்கு முக்கியம். தன்னார்வத் தொண்டுக்கும் கூட்டு வேலைக்கும் உள்ள தூரம் இதுதான்.

இப்போது நண்பருக்கு வருகிறேன்.

ஜவ்வாது மலை நீங்கள் வரையப் போகிற பச்சை மட்டும் இல்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி, ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களை அந்த மாநிலப் போலீஸ் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பழங்குடிகள். வேலை இல்லாமல், ஏஜெண்ட் கொடுத்த முன்பணத்துக்குப் போனவர்கள். நீங்கள் மயில் வரையப் போகிற சுவர், அப்படி ஒருவன் வீட்டுச் சுவராகவும் இருக்கலாம். அந்த வீட்டுப் பெண்ணிடம் என்ன வரையட்டும் என்று கேட்டீர்களா? வரையவே வேண்டாம், கூரையை மாற்றிக் கொடுங்கள் என்று அவள் சொன்னால் என்ன செய்வீர்கள்?

எனக்கு இன்னொரு பயமும் உண்டு. நாம் ஒளிக்காமல் பேசிக்கொள்கிறவர்கள் என்பதால் சொல்கிறேன். அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்து மலையாளி இல்லை, மலையில் வாழ்கிற ஆள் என்ற பொருளில் மலையாளி. தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய வேளாளர் வழி என்று சொல்லிக்கொள்கிற மரபு அவர்களிடம் உண்டு. நீங்கள் போனால் ஓவியர் வந்திருக்கிறார் என்பார்கள். நான் போனால், எந்த ஊர், யாரு வீட்டுப் பிள்ளை என்று கேட்டு, அப்புறம் எனக்குத் தண்ணீர் எந்தச் செம்பில் வரும் என்று எனக்குத் தெரியாது. வரட்டும், அதையும் அங்கேயே பேசிக்கொள்ளலாம். ஒடுக்கப்பட்டவர்கள் எல்லாரும் தானாகவே ஒன்று சேர்ந்துவிடுவார்கள் என்பது நம் மேடைப் பேச்சு. சேர்வதற்கு உட்கார்ந்து பேச வேண்டும். பத்து நாள் முகாமில் அதற்கு ஒருநாள் ஒதுக்கியிருக்கிறீர்களா?

நான் கேட்பது சிலதான். அங்கே யாரை வரைந்தாலும், போட்டோ எடுத்தாலும், அவர் பெயரைக் கேளுங்கள். போடலாமா என்றும் கேளுங்கள். விற்றால் பங்கு எவ்வளவு என்று வரைவதற்கு முன்னால் எழுதி, வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். உட்கார வைத்தால் அன்றைய கூலியைக் கொடுங்கள். காகிதமும் வண்ணமும் முதலில் பெண்கள் கைக்குப் போகட்டும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால், அவர்கள் வீட்டு வாசலில் என்ன கோடு இருக்கிறது என்று இரண்டு நாள் சும்மா பாருங்கள்.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது. அதை ஓவியர்களால்தான் செய்ய முடியும். 2006 வன உரிமைச் சட்டத்தின்படி நிலத்துக்கும் காட்டுக்கும் உரிமை கேட்கிறவர்கள் கிராமசபையில் மனுக் கொடுக்க வேண்டும். கிராமசபையின் வன உரிமைக் குழு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் அடையாளக் குறிகளோடு வரைபடம் தயாரிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. எந்த ஓடை, எந்தப் பாறை, எந்த மரத்தடிச் சாமி, எங்கே தேன் எடுப்பது, எங்கே பிணம் புதைப்பது என்று. ஊர்க் கிழவிகளுக்கு எல்லாம் தெரியும். காகிதத்தில் போடத்தான் ஆள் இல்லை. வரையத் தெரிந்த பத்துப் பேர் பத்து நாள் போகிறீர்கள். கிழவிகள் சொல்லச் சொல்ல அந்த வரைபடத்தை வரைந்து, அவர்கள் பெயரிலேயே கொடுத்துவிட்டு வந்தால், ரேஞ்சர் மேசைக்கு முன்னால் அந்த ஊர் நீட்டுகிற முதல் ஓவியமாக அது இருக்கும். அதற்குக் கண்காட்சி கிடையாது, உங்கள் கையெழுத்தும் கிடையாது. ஆனால் பஹாடி கோர்வாக்கள் இழுத்துக் காட்டிய அந்த வரிக்கு நாற்பது வருசம் கழித்துச் சொல்கிற பதிலாக அது இருக்கும்.

சுவரில் மயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர் கேட்டால் மயிலும் வரையுங்கள். அந்த நீலத்தை ஒரு பையன் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கும் ஒரு டப்பா கொடுங்கள்.

என் பாட்டியின் பெயரை இங்கே எழுதலாம் என்று நினைத்தேன். அவளைக் கேட்காமல் எப்படி எழுதுவது? அவள் போய்ச் சேர்ந்து பல வருசம் ஆகிவிட்டது. ஆகவே எழுதவில்லை. அந்த ஓவியத்தை வாங்கியவர் வீட்டில் அவள் இன்னும் பேரில்லாமல் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பாள்.

தோழர், நான் வருகிறேன். நான்கு நாள் லீவு போட்டிருக்கிறேன். கவிதை கொண்டுவரவில்லை. பெரிய சைஸ் காகிதம் நாலு கட்டு, வன உரிமை மனுப் படிவங்கள், முதியோர் பணத்துக்கான படிவங்கள் கொண்டுவருகிறேன். மனு எழுத, வாசித்துக் காட்ட, கணக்கு விளக்க எனக்குத் தெரியும். அதற்குத் தன்னார்வம் என்று பேர் வைக்காதீர்கள். என் பாட்டி அன்றைக்கு விட்ட பாதிக் கூலி இன்னும் பற்றில் நிற்கிறது. அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வரவு வைக்கிறேன்.